‘கனக்க யோசிக்கிறேன்’: மனப் பாரத்தை இறக்கிவைக்கும் அன்றாட வழிகள் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவளத்துணைப் பணியில் இருந்த ஆண்டுகளில் வட இலங்கையின் வன்னிப் பகுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மாதர் சங்கக் கூட்டங்களிலும் பாடசாலை விறாந்தைகளிலும் கோவில் மடங்களிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் குறித்துவைத்திருந்தேன். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை இவை. கேட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி சொற்களை மாற்றியிருக்கிறேன். இங்கே சொல்லப்படும் எதற்கும் காசு வேண்டாம். சிலவற்றுக்கு ஒரு சுளகு வேண்டும், சிலவற்றுக்கு ஒரு வாளி தண்ணீர் வேண்டும்.

எனக்கு இருப்பது மன அழுத்தம்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?

வன்னியில் ஒருவரும் என்னிடம் வந்து “எனக்கு மன அழுத்தம்” என்று சொன்னதில்லை. “கனக்க யோசிக்கிறேன்” என்பார்கள். “நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிறது”, “நாரி (இடுப்பு) விட்டுப்போகிறது”, “உடம்பெல்லாம் உளைவு”, “சாப்பாட்டில் மனம் இல்லை” என்பார்கள். வைத்தியசாலைக்குப் போய், எல்லாப் பரிசோதனையும் சரியென்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. சில வாரங்களாக நித்திரை குழம்பி, சின்ன விடயத்துக்கும் பிள்ளைகள் மீது எரிந்து விழுந்து, அடுப்பில் வைத்ததை மறந்து கருக விடுகிறீர்கள் என்றால், பெயர் எதுவாக இருந்தாலும் பாரம் கூடிவிட்டது என்று கொள்ளலாம்.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபத்தைக் கண்டதும் அதிரனலின், கோட்டிசோல் ஆகிய ஓமோன்கள் இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன, சமிபாடு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. காட்டு யானை எதிரே நிற்கும்போது இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். யானை போனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் கடன், காணிப் பிரச்சினை, பிள்ளையின் பரீட்சை, வெளிநாட்டிலிருந்து வராத தொலைபேசி அழைப்பு ஆகியவை எல்லாம் போகாத யானைகள். உடம்பு ஓடுவதற்குத் தயாராக மாதக்கணக்கில் நின்றபடியே நிற்கிறது. பிறகு நாரி உளையாமல் என்ன செய்யும்?

எல்லோரும் “யோசியாதே” என்கிறார்கள். யோசிக்காமல் எப்படி இருப்பது?

முடியாது. அந்தப் புத்திமதியைத் தொடக்க காலத்தில் நானும் சொல்லித் திரிந்திருக்கிறேன். விசுவமடுப் பக்கத்து அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, “பிள்ளை, எதை யோசியாமல் இருக்க வேண்டும் என்று முதலில் யோசிக்க வேண்டுமே” என்றார். அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக இரண்டு வேலைகள் செய்து பார்க்கலாம். முதலாவது, யோசனைக்கு நேரம் குறிப்பது. மாலை 5 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம், விறாந்தையில் ஒரே இடத்தில், கையில் ஒரு தாள். பகலில் யோசனை வரும்போது அதோடு மல்லுக்கட்டாமல் “ஐந்து மணிக்கு வா” என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்த கடன்காரரிடம் “வெள்ளிக்கிழமை வாருங்கள்” என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புதிய கலை இல்லை. ஐந்து மணிக்கு அந்தத் தாளில் ஒரு பக்கம் நாளைக்கு நான் செய்யக்கூடியது, மறுபக்கம் என் கையில் இல்லாதது என்று எழுதுங்கள். பல நாட்களில் மறுபக்கம்தான் நீளமாக இருக்கும். இருக்கட்டும். இந்த இருபது நிமிடத்தைப் படுக்கைக்கு முன் மட்டும் வைக்காதீர்கள்.

இரண்டாவது, கைக்கு வேலை கொடுப்பது. அதைத் தனியாகவே சொல்ல வேண்டும்.

கைவேலை செய்தால் மனம் ஆறும் என்கிறீர்கள். எந்தக் கைவேலை?

கச்சான், அதாவது நிலக்கடலை, உரித்திருக்கிறீர்களா? அறுவடைக் காலத்தில் மாமர நிழலில் சாக்கை விரித்து, ஆளுக்கொரு சுளகோடு நான்கு பெண்கள் இருந்துவிட்டால் நேரம் போவது தெரியாது. விரலுக்கு ஒரே அசைவு, காதுக்குக் கோது உடையும் சத்தம், கண்ணுக்குச் சுளகில் உயரும் பருப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. நேருக்கு நேர் சொல்ல முடியாதது அங்கே தானாக வெளியே வரும். இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டு, கதவைச் சாத்தி, “சொல்லுங்கள்” என்று கேட்கத்தான் எங்களுக்குப் பயிற்சியில் கற்றுத் தந்தார்கள். அந்தக் கதிரையில் இருந்து கேட்டதைவிடச் சுளகுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டதுதான் எனக்கு அதிகம்.

கச்சான் இல்லாத மாதத்தில் பனையோலை இருக்கிறது. கடகம், பாய், நீத்துப்பெட்டி எதுவானாலும் சரி. விடியற்காலையில் முற்றம் கூட்டுவதும் இதில் சேரும். தென்னோலை ஈர்க்கு விளக்குமாறு மணலில் வரிவரியாகக் கோடு போட்டுக்கொண்டு போவதைத் திரும்பி நின்று ஒரு முறை பாருங்கள். ஆண்களுக்குக் கிழிந்த வலையைச் சீர்செய்வது, வேலி அடைப்பது, சைக்கிளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விடுவது. வேலை மிகக் கடினமாக இருக்கக் கூடாது, செய்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: இதையே வருமானமாக்கி “கிழமைக்கு இருபது கடகம்” என்று இலக்கு வைத்தால் வாசலில் இன்னொரு யானை வந்து நிற்கும். கைவேலையால் பிழைப்பவர்கள் மனம் ஆற வேறொரு வேலையைத்தான் தேட வேண்டும்.

மூச்சுப் பயிற்சியைச் சரியாக எப்படிச் செய்வது?

மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சாதாரணமாக வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சுவிடுகிறார். நீளமாக விடும் மூச்சில்தான் காரியம் இருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும்படிதான் உடம்பு அமைந்திருக்கிறது.

எண்ணிக்கைக்கு மணிக்கூடு வேண்டாம். பெருவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வாருங்கள். விரலுக்கு மூன்றாக ஒரு கையில் பன்னிரண்டு. எங்கள் பாட்டிமார் நெல்லுக் கணக்குப் பார்த்ததும் இப்படித்தான். ஒரு கை முடிந்தால் இரண்டு நிமிடம். காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை, படபடப்பு வரும்போது ஒரு கை. தலை சுற்றினால் அளவுக்கு மிஞ்சி இழுக்கிறீர்கள் என்று பொருள். மூச்சின் ஆழத்தைக் குறைத்து, வேகத்தை மட்டும் மெதுவாக வைத்திருங்கள்.

நாங்கள் வேதக்காரர் (கிறிஸ்தவர்). இது சைவ சமயத்தவரின் யோகா இல்லையா? செய்யலாமா?

மூச்சுக்குச் சமயம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் இதற்கு அதைவிடச் சுவையான பதில் இருக்கிறது. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2001ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேரை இலத்தீன் மொழியில் ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தைச் சொல்லவைத்து மூச்சை அளந்தார்கள். ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற மந்திரத்தைச் சொல்லவைத்தும் அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்கே இறங்கியது. மடுவில் முழந்தாளில் நின்று செபமாலை உருட்டும் அம்மாவும் முறிகண்டிப் பிள்ளையார் முன் நின்று மந்திரம் சொல்லும் ஐயாவும் அறியாமலே ஒரே மருந்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் இதையே வலியுறுத்தினார். போரால் நொந்தவர்களுக்கு அவரவர் சமயத்திலும் வழக்கத்திலும் முன்பே இருந்த முறைகளைக் கொண்டே மனத்தைத் தளர்த்தலாம் என்பது அவருடைய அனுபவம். சைவர் மந்திரம், கத்தோலிக்கர் செபமாலை, இஸ்லாமியர் இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ர், பௌத்தர் மூச்சைக் கவனித்தல். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் விரல் கணுவை எண்ணலாம்.

யானையை விரட்டப் போடும் யானைவெடி கேட்டால் உடம்பு நடுங்குகிறது. போர் முடிந்து இவ்வளவு காலம் ஆகியும் ஏன்?

2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் யானைவெடிச் சத்தத்துக்குத் திரும்பிப் படுத்து நித்திரை கொள்கிறார்கள். அதே அறையில் தாய் எழுந்து கதவடியில் நிற்கிறார். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் ஓடியதால் உயிர் தப்பிய உடம்பு அந்தப் பாடத்தை இலேசில் மறக்காது. ஐப்பசி மாதத்து இடி, திருவிழா வாணவேடிக்கை, கல்லுடைக்கும் வெடி எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

அந்த நேரத்தில் “பயப்படாதே” என்று உங்களுக்கு நீங்களே சொல்வது பலிக்காது. உடம்புக்கு இடத்தையும் காலத்தையும் காட்ட வேண்டும். இரண்டு பாதங்களையும் நிலத்தில் அழுத்தி வையுங்கள். காண்கின்ற ஐந்து பொருட்களை வாய்விட்டுப் பெயர் சொல்லுங்கள்: குடம், கதவு, நாள்காட்டி, பிள்ளையின் புத்தகப் பை, விளக்கு. தொடக்கூடிய நான்கைத் தொடுங்கள். கேட்கும் மூன்று சத்தங்களைச் சொல்லுங்கள், மணக்கும் இரண்டை, வாயில் உள்ள ஒரு சுவையை. பிறகு இன்றைய ஆண்டையும் கிழமையையும் உங்கள் வயதையும் சத்தமாகச் சொல்லுங்கள். வயதைச் சொல்வது நான் சேர்த்துக்கொண்டது. ஒரு பெண் “எனக்கு நாற்பத்தொன்று” என்று சொன்ன அந்தக் கணத்திலேயே தோள் தளர்ந்ததைக் கண்டிருக்கிறேன். அதுவரை அவர் இருபத்தைந்து வயதில் நின்றிருக்கிறார்.

முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அள்ளி அடிப்பதும் துடிப்பைத் தணிக்கும். இருதய நோய் உள்ளவர்கள் திடீர்க் குளிரைத் தவிர்த்து, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டால் போதும். வயலில் யானைக் காவலுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இன்றிரவு வெடி போடும் எண்ணம் இருந்தால் பக்கத்து வளவுகளுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். எதிர்பார்த்த வெடி பாதி வெடிதான்.

முழுநாளும் வயலில் நிற்கிறேன். எனக்கு எதற்கு நடைப்பயிற்சி?

நல்ல கேள்வி. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது. அரிவு வெட்டுக் காலத்தில் நீங்கள் அதை ஒரே நாளில் முடித்துவிடுகிறீர்கள். உங்களுக்கு வேண்டியது நிழலில் காலை நீட்டும் அரை மணி நேரம். ஆனால் தையல் மெசினுக்கு முன்னாலும் அலுவலக மேசைக்கு முன்னாலும் குந்தியிருப்பவர்களுக்கு நடை நல்ல மருந்து.

வயல்காரருக்கும் ஒன்று சொல்வேன். மண்வெட்டி இல்லாமல், மோட்டார் சைக்கிள் இல்லாமல், எங்கும் போய்ச் சேரும் நோக்கம் இல்லாமல் நடப்பது வேறு வகை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று எங்களுக்குக் குளக்கட்டுகளுக்குக் குறைவில்லை. வெயில் சாயும் நேரத்தில் குளக்கட்டில் ஏறினால் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வயல், மேலே கொக்குக் கூட்டம். கண் தொலைவைப் பார்க்கும்போது நெற்றிச் சுருக்கம் தானாக விரியும். இருட்டுவதற்கு முன் இறங்கிவிடுங்கள், யானைக்கும் அதே நேரம்தான் தண்ணீர் தாகம். ‘காட்டுக்குள் தனியாக நடந்து வாருங்கள்’ என்று நகரத்துச் சஞ்சிகைகள் எழுதுவதை இங்கே யாரும் பின்பற்ற வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்திலும் பாதையில்லாத பற்றையிலும் கால் வைக்காதீர்கள்.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு நித்திரை வருவதில்லை. என்ன செய்யலாம்?

புரண்டுகொண்டு கிடக்காதீர்கள். இருபது நிமிடம் போல் ஆகியும் நித்திரை வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் இருங்கள். மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பூட்டும் வேலை செய்யுங்கள். நாளைய கறிக்குப் பயற்றங்காய் முறிக்கலாம். கண் சொருகும்போது திரும்பிப் போய்ப் படுங்கள். பாயில் கிடந்து யோசித்தால் பாயைக் கண்டதுமே யோசிக்க உடம்பு பழகிவிடும். கைத்தொலைபேசியில் மணி பார்க்கவும் வேண்டாம். “இன்னும் மூன்று மணித்தியாலம்தான் இருக்கிறது” என்ற கணக்கு ஒருவரையும் தூங்கவைத்ததில்லை.

எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். காவல் கொட்டிலில் இரவைக் கழிப்பவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்கள் பகலில் 3 மணிக்கு முன்னர் அரை மணி நேரம் கண்ணயரலாம். அண்ணன் தம்பி, அயலவர் என்று காவலை முறை வைத்துக்கொண்டு கிழமைக்கு இரண்டு இரவாவது முழு நித்திரை கொள்ளப் பாருங்கள். யானைப் பிரச்சினையை மூச்சுப் பயிற்சி தீர்க்காது. ஆனால் நித்திரையில்லாத ஆள் யானையையும் வங்கி முகாமையாளரையும் ஒரே மாதிரிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

தேநீர் குடித்தால் மனம் ஆறுகிறது. குடிக்கலாம்தானே?

தாராளமாக. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் வெறும் தேநீரை யாரும் உங்களிடமிருந்து பறிக்க வேண்டாம். ஆனால் அதில் உள்ள கஃபீனில் பாதி, ஐந்து மணித்தியாலம் போல் கழிந்தும் உடம்பில் நிற்கும். ஆகவே மாலை 4 மணிக்குப் பிறகு மல்லித் தண்ணீருக்கு மாறுங்கள்.

என் கணவர் யோசனை தீரக் குடிக்கிறேன் என்கிறார். இரண்டு கள்ளு குடித்தால் நல்ல நித்திரை வருகிறதாம். உண்மையா?

முதற் பாதி உண்மை. மதுபானம் வேகமாக உறங்கவைக்கும். இரவின் பின்பாதியில் அதுவே நித்திரையைக் கலைக்கும். விடிவதற்கு முன் படபடப்போடு எழுப்பிவிடும். அந்தப் படபடப்பைத் தணிக்க மறுநாளும் வேண்டும். கள்ளச்சாராயமான கசிப்பு என்றால் அதில் என்ன கலந்திருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது.

திட்டிப் பயனில்லை என்பது உங்களுக்கே தெரியும். மாலை ஐந்தரை மணி என்ற இடைவெளியை எதனால் நிரப்பலாம் என்று பாருங்கள். சனசமூக நிலையத்து வெளியில் கரப்பந்தாட்டம் தொடங்கிய ஒரு கிராமத்தில், விளையாட வராமல் கட்டையில் இருந்து ஆளுக்கு ஆள் குறை சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்கள்கூட ஒரு போத்தல் குறைவாகக் குடித்தார்கள். நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு வரக்கூடும். அவர் மருத்துவரைக் கண்டுதான் நிறுத்த வேண்டும்.

கடன்தான் என் யோசனை. அதற்கு என்ன பயிற்சி?

கடனுக்குப் பயிற்சி இல்லை. கணக்குத்தான் இருக்கிறது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து விளைச்சல் விழுந்தது. 2022இல் விலைகள் ஏறின. நகை ஈட்டுக்குப் போனது. நுண்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் வந்தது. பல வீடுகளின் கதை இதுதான். நீங்கள் ஊதாரி என்பதால் வந்த கடன் இல்லை என்பதை முதலில் உங்களுக்கே சொல்லுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தக் கிழமை. தலைக்குள் இருக்கும்போது ஏழு கடன் எழுபதாகத் தெரியும். தாளில் அது ஏழுதான். அந்தத் தாளை வீட்டில் இன்னும் ஒருவருக்குக் காட்டுங்கள். கணவருக்குத் தெரியாமல் எடுத்த கடனை ஒளித்துவைப்பது கடனைவிடப் பெரிய பாரமாக இருந்ததைப் பல வீடுகளில் கண்டேன். தவணை வசூலிக்க வரும் நாளில் தனியாக இருக்காதீர்கள், அக்காவையோ அயல்வீட்டவரையோ விறாந்தையில் இருத்திக்கொள்ளுங்கள். அதட்டலின் சத்தம் சாட்சி இருக்கும் இடத்தில் குறையும்.

வெளிநாட்டிலிருந்து மகன் எடுக்கும் அழைப்புக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறேன்.

இது கேள்வியே இல்லை, ஆனால் கொப்பியில் மூன்று இடத்தில் இருக்கிறது. ரொறன்ரோவில் வேலை முடித்து மாலை 6 மணிக்கு மகன் எடுத்தால் அங்கே கோடைகாலத்தில் இங்கே அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் உங்கள் குரலைக் கேட்கும் ஆசையில் எடுக்கலாம். ஞாயிறு காலை என்று ஒரு நேரத்தைப் பேசி முடிவுசெய்யுங்கள். மற்ற இரவுகளில் தொலைபேசி அடுப்படியில் கிடக்கட்டும்.

மனதில் உள்ளதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

அந்தப் பயம் நியாயமானது. அப்படியென்றால் தாளிடம் சொல்லுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வருத்திய சம்பவத்தைப் பற்றி எழுதவைத்தார். நடந்ததையும் அதுபற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் நோயென்று மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதிய முதல் நாட்களில் அவர்கள் மனம் இன்னும் கனத்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எழுத்துப் பிழை பார்க்காதீர்கள். எழுதி முடித்ததை அடுப்பில் போட்டுவிடலாம்; தாள் எரிவதைப் பார்ப்பதும் ஓர் ஆறுதல்தான். ஆனால் போரில் கண்டதை எழுதத் தொடங்கி உடம்பு நடுங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். அதைத் தனியாகத் திறக்க வேண்டியதில்லை, துணையோடு திறக்கலாம்.

கோவிலில் போய் அழுதால் இலேசாகிறது. அது பலவீனமா?

இல்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கலன்று கடல்நீரில் எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அழுவதற்கு ஓர் இடமும் நாளும் இருப்பது பெரிய வசதி. எங்கள் முன்னோர் ஒப்பாரிக்கு இராகம் வைத்ததும் காரணத்தோடுதான். நீண்ட அடி, நீண்ட மூச்சு, பக்கத்தில் தோளைப் பிடிக்கும் இன்னொருத்தி.

காணாமல் ஆக்கப்பட்ட என் கணவரை நினைத்து நான் படும் வேதனைக்கும் இந்தப் பயிற்சிகள் உதவுமா?

உங்கள் வேதனையைப் பயிற்சியால் ஊதி அணைக்கலாம் என்று நான் சொன்னால் அது உங்களுக்குச் செய்யும் அவமரியாதை. இறப்புக்குச் சடங்கு இருக்கிறது, எட்டு இருக்கிறது, முப்பத்தொன்று இருக்கிறது. முடிவு தெரியாத இழப்புக்கு நாள் குறிக்க முடியாது. பொட்டு வைப்பதா, திவசம் செய்வதா, அவருக்கென்று ஒரு கோப்பையை எடுத்துவைப்பதா என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் மனம் பிழையாக வேலை செய்வதால் இந்த வேதனை வரவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லாததால் வந்தது.

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் இருந்து போராடிய தாய்மாருக்கு அந்தக் கொட்டகை போராட்டக் களமாக மட்டும் இருக்கவில்லை. தன் கதையை விளக்கத் தேவையில்லாத ஆட்கள் இருந்த இடம் அது. அப்படிப்பட்ட ஆட்களோடு இருங்கள். மூச்சும் நித்திரையும் சாப்பாடும் வேறு காரணத்துக்கு வேண்டும்: காத்திருப்பவரின் உடம்பு தாங்க வேண்டும். சிரித்துவிட்டால் அவரை மறந்ததாக ஆகிவிடுமோ என்று கேட்டவர்கள் பலர். ஆகாது.

உயர்தரம் படிக்கும் மகளுக்குப் பரீட்சைப் பயம்.

ஐம்பது நிமிடம் படித்துப் பத்து நிமிடம் கிணற்றடிக்குப் போய் வரட்டும். பரீட்சைக்கு முதல் நாள் அயல்வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைப் பற்றி நீங்கள் பேசாதிருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

நித்திரைக் குளிசை எடுக்கலாமா? பக்கத்து வீட்டு அக்கா இரண்டு தந்தார்.

திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவருடைய குளிசை அவருடைய நோய்க்கு எழுதப்பட்டது. மருத்துவர் உங்களுக்கு எழுதித் தந்தால் வெட்கமில்லாமல் எடுங்கள். அவரைக் கேட்காமல் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். படபடப்பு என்று போகும்போது இரத்த அழுத்தம், சீனி, தைரொயிட், இரத்தச்சோகை ஆகியவற்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. யோசனை என்று நினைத்தது சில வேளை இரத்தச்சோகையாக இருக்கும்.

வீட்டு வைத்தியம் போதாது என்று எப்போது முடிவு செய்வது?

இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் விருப்பமில்லாமல், எழுந்து குளிக்கவும் சமைக்கவும் முடியாமல் போனால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் அதை யோசனை என்று தள்ளிவிடாமல் 1990க்கு அழையுங்கள், நோயாளர் வண்டி இலவசம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அல்லது வீட்டில் ஒருவர் அப்படிப் பேசினால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அந்த நபரைத் தனியே விடாதீர்கள். வெளிப்படையாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இன்னொன்று, வயலுக்கு வாங்கிய பூச்சிநாசினியும் களைநாசினியும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பூட்டிய பெட்டியில், திறப்பு வேறொருவர் கையில். இலங்கையில் 1995இல் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நடந்தது. கடும் நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட, பத்து ஆண்டுகளில் அது பாதியாகக் குறைந்தது. உயிரை விடத் தூண்டும் வேகம் அலைபோல் வந்து போகும். வரும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் ஆள் பிழைத்துவிடுவார்.

எல்லாம் சரி, இதற்கெல்லாம் எனக்கு எங்கே நேரம்?

காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தால் கேத்தில் கொதிக்க எத்தனை நிமிடம் ஆகிறது? அந்த நேரத்தில் பெருவிரலைச் சின்னி விரலின் அடிக் கணுவில் வையுங்கள். ஒருவர் எனக்குச் சொன்னார், தன் வீட்டு விறகடுப்பில் கேத்தில் கொதிக்க மூன்று கை பிடிக்கிறதாம். பிறகு எரிவாயு அடுப்பு வந்தது. இப்போது ஒன்றரைக் கைதான் கிடைக்கிறது என்று அவருக்குக் குறை.